சிறு டிரெய்லருக்குச் சூரிய மின்சாரம்: வரவும் செலவும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. வீணே போகும் பொருளாயினும் அதன் அளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. கதிரவன் நமக்கு ஒளியை வழங்குகிறான். அதற்குக் காசு கேட்பதில்லை. ஆகவே, இலவசமாய்க் கிடைப்பதற்கு அளவு எதற்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த ஒளியை மின்சாரமாக மாற்றி, ஒரு சிறு வண்டிக்குள் சேமித்து, இருட்டிய பின் செலவிட முற்படும்போது அளவுதான் எல்லாம் என்பது விளங்கும். இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பள்ளியில் பயின்று சென்ற அக்காமார் சிலர் இன்று அமெரிக்க நாட்டில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அந்நாட்டில் விடுமுறை வந்தால், காரின் பின்னே ஒரு சிறு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் புறப்படுவது பலருடைய வழக்கம். இரண்டு சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு சிறிய அறை என்று அதனைச் சொல்லலாம். உள்ளே படுக்கை, சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு ஆகியவை இருக்கும். 1930களிலேயே கண்ணீர்த் துளி வடிவில் இத்தகைய வண்டிகளை அந்நாட்டார் தம் கையாலேயே செய்துகொண்டனர். அன்று அவர்களுக்கு ஒரு லாந்தர் விளக்கு போதுமானதாக இருந்தது. இன்றோ குளிர்பெட்டியும் கைப்பேசியும் மின்விசிறியும் உடன் செல்கின்றன. அவை அனைத்திற்கும் மின்சாரம் வேண்டுமல்லவா?

மின்சார வசதியுள்ள முகாம்கள் அந்நாட்டில் உண்டு. ஆயினும், இயற்கை எழில் மிகுந்த தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பலவற்றில் அவ்வசதி கிடையாது. அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்தெடுத்த கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 446 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 1.6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் உடையது. அதன் தென்கரையில் மேதர் என்னும் முகாம் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2100 மீட்டர் உயரம். சுற்றிலும் பைன் மரங்கள். டிரெய்லரைச் செருகிக்கொள்ள மின் இணைப்பு இல்லை. ஜெனரேட்டரை ஓட்டுவதற்கும் குறிப்பிட்ட நேரங்களே உண்டு. ஆகவே அங்கே சென்று தங்குவோர் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே கொண்டுசெல்ல வேண்டும், அல்லது வெயிலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை, தாய், நம் வயதை ஒத்த ஒரு மகள். அக்டோபர் மாதத்தில் மூவரும் மேதர் முகாமில் சில நாட்கள் தங்கப் போகின்றனர். அந்த மகள் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசு குளிரில் வைத்திருக்க வேண்டும். உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. எனவே அந்த டிரெய்லரிலுள்ள குளிர்பெட்டி வெறும் பாலும் பழமும் வைக்கும் பெட்டி அன்று. அந்தப் பெண்ணின் உயிர்மருந்து இருக்கும் இடம். நள்ளிரவில் பாட்டரி தீர்ந்து குளிர்பெட்டி நின்றுபோனால், உறங்குபவர் எவருக்கும் அது தெரியாது. இவர்களுக்கு எத்தகைய சூரிய மின் அமைப்பு வேண்டும் என்பதை இப்போது நாம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சூரியத் தகடு பிறந்த வரலாறு

ஒளியை நேரே மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர்களான சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் 1954ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக்கியது. 1958 மார்ச்சு மாதம் வான்கார்டு-1 என்னும் சிறு செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அதில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பாட்டரியை மட்டும் நம்பிய ஒலிபரப்பி அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ஓய்ந்தது. சூரிய மின்கலத்தால் இயங்கியதோ 1964 வரை பேசிக்கொண்டே இருந்தது. சேமிப்பை மட்டும் தின்பவன் விரைவில் வறியவனாவான், நாளும் வரவு உள்ளவன் நீடித்து நிற்பான் என்பதை அச்சிறு கோள் அன்றே மெய்ப்பித்தது எனலாம்.

இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கை மின்சாரமாக மாற்றுகின்றன. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நேரே விழும் வெயிலின் ஆற்றல் சுமார் 1000 வாட். ஆகவே ஒரு சதுர மீட்டர் தகடு சுமார் 200 வாட் தரும். சிறிய டிரெய்லரின் கூரையில் எத்தனை வாட் அடங்கும் என்பதைக் கூரையை அளந்தே சொல்லிவிடலாம்.

முதலில் செலவைக் கணக்கிடுவோம்

பலரும் கடைக்குச் சென்று முதலில் தகட்டை வாங்குகின்றனர். பிறகு அது போதவில்லை என்று வருந்துகின்றனர். நம் வீட்டில் அன்னையர் மாதத் தொடக்கத்தில் என்ன செய்கின்றனர்? அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, பால் எவ்வளவு என்று முதலில் தேவையை எழுதுகின்றனர். இங்கும் அதுவே முறை.

ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்பதை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி என்னும் அளவு கிடைக்கும். 1000 வாட்-மணி சேர்ந்தால் அதுவே நம் வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் ஒரு நாள் செலவு பின்வருமாறு:

எல்.இ.டி. விளக்குகள் மூன்று, ஒவ்வொன்றும் 3 வாட், 4 மணி நேரம்: 36 வாட்-மணி.
தண்ணீர் பம்பு, 60 வாட், மொத்தம் 10 நிமிடம்: 10 வாட்-மணி.
கைப்பேசிகள் மூன்றுக்கும் மின்னேற்றம்: 45 வாட்-மணி.
எரிவாயு வெப்பமூட்டியின் விசிறி, 40 வாட், இரவில் விட்டு விட்டு 3 மணி நேரம்: 120 வாட்-மணி.
நச்சுவாயு எச்சரிக்கை மணி, 1 வாட், நாள் முழுதும்: 24 வாட்-மணி.
குளிர்பெட்டி, 45 வாட், நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதாவது 8 மணி: 360 வாட்-மணி.

கூட்டினால் 595 வருகிறது. எளிமைக்காக 600 வாட்-மணி என்று கொள்வோம். ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம்தான்! ஆனால் அதில் பாதிக்கும் மேற்பட்டதைக் குளிர்பெட்டி ஒன்றே எடுத்துக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது இல்லாவிடில் 235 வாட்-மணியோடு செலவு முடிந்துவிடும். ஆகவே, இத்தகைய கணக்கில் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "குளிர்பெட்டி உண்டா?" என்பதே.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மின்சாரக் கெட்டில், தலைமுடி உலர்த்தும் கருவி போன்றவை 1500 வாட் இழுப்பவை. ஐந்து நிமிடத்தில் கெட்டில் 125 வாட்-மணியையே செலவிடும். அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 1500 வாட்டை எடுக்க வேண்டுமாயின் 125 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். அதற்குப் பருமனான கம்பியும், பெரிய இன்வெர்ட்டரும், அதைத் தாங்கும் பாட்டரியும் வேண்டும். ஒரு குவளைத் தேநீருக்காக அத்தனையும் சுமப்பானேன்? எரிவாயு அடுப்பில் நீரைச் சுட வைத்தால் போயிற்று. வெப்பம் உண்டாக்கும் வேலையை எரிவாயுவுக்கும், ஒளி, விசை, குளிர் ஆகியவற்றை மின்சாரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதே சிறு டிரெய்லருக்கு ஏற்ற குடித்தனமாகும்.

பிறகு சேமிப்பு

செலவு தெரிந்தபின் சேமிப்புக்கு வருவோம். பாட்டரியே இங்கு உண்டியல். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று ஒரு பாட்டரியின் மேல் எழுதியிருந்தால், 12ஐ 100ஆல் பெருக்கி 1200 வாட்-மணி என்று அறிகிறோம். ஆனால் எழுதியிருப்பது வேறு, எடுக்கக்கூடியது வேறு.

ஈய-அமிலப் பாட்டரியில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே 1200இல் 600 மட்டுமே நமக்கு உரியது. அதன் எடையோ ஏறத்தாழ 30 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் புதிய வகைப் பாட்டரியில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். அதே அளவுள்ள ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1000 வாட்-மணி கிடைக்கும். எடை 10 முதல் 13 கிலோ. விலை கூடுதல்தான். ஆயினும் நன்கு பேணினால் ஆயிரக்கணக்கான முறை நிரப்பி எடுக்கலாம். சிறு டிரெய்லர் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு ஈயப் பாட்டரிகளை ஏற்றினால் 60 கிலோ. வண்டியில் ஓர் ஆளையே கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். ஆகவே நம் குடும்பத்திற்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாளுக்குச் சற்று மேல் அது தாங்கும்.

ஆனால் இந்த வகைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பாட்டரியின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதற்குள் மின்சாரத்தை ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாட்டரி நிலையாகக் கெட்டுவிடும். மின்சாரத்தை எடுப்பதில் இவ்வளவு தடை இல்லை. 2100 மீட்டர் உயரத்தில் இலையுதிர் கால இரவுகள் உறைநிலைக்கு இறங்குவது இயல்பு. காலையில் வெயில் தகட்டின் மேல் விழும்போது பாட்டரி இன்னும் குளிர்ந்தே இருக்கலாம். எனவே குளிரில் மின்னேற்றத்தைத் தானே தடுக்கும் பாதுகாப்பு உள்ள பாட்டரியை வாங்குவதும், அதனை வண்டிக்கு வெளியே தொங்கவிடாமல் உள்ளே வைப்பதும் அறிவுடைமை.

அடுத்து வரவு

சூரியன் பத்து மணி நேரம் வானில் இருந்தால் 200 வாட் தகடு 2000 வாட்-மணி தரும் என்று எண்ணிவிடலாகாது. காலை வெயிலும் மாலை வெயிலும் நண்பகல் வெயிலுக்கு ஈடாகா. ஆகவே ஒரு நாளின் வெயில் முழுவதையும் திரட்டி, அது எத்தனை மணி நேர நண்பகல் வெயிலுக்குச் சமம் என்று சொல்வது வழக்கம். அதனை முழு வெயில் மணி என்று கொள்வோம். வட அரிசோனாவில், தட்டையாகக் கிடக்கும் தகட்டுக்கு ஜூன் மாதத்தில் 7க்கும் மேற்பட்ட முழு வெயில் மணி கிடைக்கும். டிசம்பரில் அது சுமார் 3ஆகச் சுருங்கிவிடும். அக்டோபருக்குச் சற்றுக் குறைத்தே 4.5 என்று எடுத்துக்கொள்வோம்.

அடுத்து, சேதாரம். தங்கத்திற்கு மட்டுமா சேதாரம்? மின்சாரத்திற்கும் உண்டு. வெயிலில் தகடு சூடேறினால் அதன் திறன் குறைகிறது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 என்று வைத்தால், 65 டிகிரியில் 16 பங்கு போய்விடும். இதனாலேயே தகட்டைக் கூரையோடு ஒட்டாமல், கீழே காற்றோட இடம்விட்டுப் பொருத்த வேண்டும். தூசி, கம்பி, கட்டுப்படுத்தி, பாட்டரி ஆகியவையும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாம் போக நூற்றுக்கு 70 நம் கைக்கு வரும் என்று கொள்வது பாதுகாப்பானது.

இப்போது கணக்கு எளிது. 200 வாட் × 4.5 மணி × 0.7 = 630 வாட்-மணி. செலவு 600, வரவு 630. போதும் என்று தோன்றுகிறதல்லவா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

ஒரு நாள் மேகம் மூடிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வெயில் நாளின் கால் பங்கே கிடைக்கிறது: சுமார் 157 வாட்-மணி. அன்றைய பற்றாக்குறை 443. அதனைப் பாட்டரி ஈடுசெய்கிறது. ஆனால் அந்தக் கடனை எப்போது அடைப்பது? நாளொன்றுக்கு 30 மிச்சம் என்றால் கடன் தீரப் பதினைந்து நாட்கள் ஆகும்! அதற்குள் இன்னொரு மேகமூட்டம் வந்தால் குளிர்பெட்டி நின்றுவிடும். இப்போது 300 வாட் தகடு இருப்பதாகக் கொள்வோம். வெயில் நாளில் 945 கிடைக்கும், மிச்சம் 345. மேக நாளில் 236 கிடைக்கும், பற்றாக்குறை 364. ஏறக்குறைய ஒரே நல்ல வெயில் நாளில் கடன் தீர்ந்துவிடுகிறது. கூடுதலாக வாங்கியது 100 வாட்தான். அந்த நூறே பதினைந்து நாளை ஒரு நாளாக்குகிறது. வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருக்கும் குடும்பம் ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்காது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுவே.

கூரையா, தரையா?

இந்த 300 வாட்டையும் கூரையிலேயே பொருத்திவிடலாமா? கூரையில் உள்ள தகட்டுக்கு வேலையில்லை. வண்டி ஓடும்போதும் அது மின்சாரம் தரும். எவரும் எளிதில் திருடவும் முடியாது. ஆனால் மேதர் முகாமில் பைன் மரங்கள் உண்டு என்று கூறினோம். நிழலில் வண்டியை நிறுத்தினால் உடலுக்குச் சுகம், தகட்டுக்குத் துன்பம். தகட்டில் உள்ள மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் அரை வோல்ட் தர, 36 சேர்ந்து சுமார் 18 வோல்ட் ஆகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுச் சங்கிலியும் தளர்கிறது. ஒரு கிளையின் நிழல் சிறு மூலையில் விழுந்தாலே தகட்டின் வரவு பாதிக்கும் கீழே இறங்கக்கூடும்.

ஆகவே, கூரையில் 100 வாட் தகடுகள் இரண்டும், மடித்து எடுத்துச் செல்லக்கூடிய 100 வாட் தகடு ஒன்றும் வைத்துக்கொள்வது நம் குடும்பத்திற்கு ஏற்றது. வண்டி நிழலில் நிற்கும். மடிப்புத் தகடு வெயிலில் கிடக்கும். அதனைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கவும் முடியும். டிசம்பரில் அவ்விடத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரமே ஏறுகிறது. 30 டிகிரியின் சைன் மதிப்பு அரை என்பதை நாம் கணித வகுப்பில் கற்றிருக்கிறோம். எனவே தட்டையாகக் கிடக்கும் தகடு, சூரியனை நேர்நோக்கி நிற்கும் தகடு பெறுவதில் ஏறக்குறைய பாதியையே பெறும். வகுப்பில் மனப்பாடம் செய்த ஒரு சிறு எண், குளிர்காலத்தில் வரவை இரட்டிப்பாக்கும் வழியைச் சொல்லித் தருகிறது!

இடையில் நிற்கும் கணக்கர்

தகட்டை நேரே பாட்டரியோடு இணைக்கக் கூடாது. அளவுக்கு மேல் ஏறினால் பாட்டரி கெடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மின்னேற்றக் கட்டுப்படுத்தி என்னும் கருவி வேண்டும். அது பாட்டரி நிறைந்ததும் மின்னோட்டத்தைக் குறைத்து நிறுத்தும். இதில் இரு வகை உண்டு.

பி.டபிள்யூ.எம். என்பது மலிவானது. அது தகட்டின் மின்னழுத்தத்தைப் பாட்டரியின் அளவுக்கே இழுத்து இறக்கிவிடுகிறது. இணையாகப் பூட்டிய 200 வாட் தகடுகள் 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் தருகின்றன. பாட்டரி 13 வோல்ட்டில் இருந்தால், 13 × 11 = 143 வாட்டே உள்ளே போகும். மீதி வீண். எம்.பி.பி.டி. என்பது விலை கூடியது. அது மிகுதியான மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. ஐந்து விழுக்காடு சேதாரம் போக 190 வாட், அதாவது சுமார் 14.6 ஆம்பியர் பாட்டரிக்குச் செல்லும். தகடு ஒரே ஒரு சிறு 50 வாட் என்றால் மலிவானதே போதும். நம் குடும்பத்திற்கோ, கூரையின் இடமும் வெயிலின் நேரமும் அரிதாகையால், எம்.பி.பி.டி.யே தக்கது.

அளவு எவ்வளவு? 200 வாட்டை 12ஆல் வகுத்தால் 16.7. ஆகவே கூரைத் தகடுகளுக்கு 20 ஆம்பியர் கட்டுப்படுத்தி வேண்டும். மடிப்புத் தகட்டுக்குத் தனியே 10 ஆம்பியர் சிறு கட்டுப்படுத்தி வைப்பது நன்று. ஒன்று நிழலிலும் மற்றொன்று வெயிலிலும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் இரண்டும் சரியாக உழா. மேலும், ஈயப் பாட்டரிக்கும் லித்தியம் பாட்டரிக்கும் ஏற்ற வேண்டிய மின்னழுத்தம் வேறு வேறு. நம் பாட்டரி எந்த வகையோ அதனைக் கட்டுப்படுத்தியில் குறித்துவிட வேண்டும். இணைக்கும்போது முதலில் பாட்டரியையும் பிறகே தகட்டையும் இணைப்பது பொதுவான முறை.

கம்பியும் பியூசும்

மடிப்புத் தகட்டை வெயிலில் வைக்கப் பத்து மீட்டர் கம்பி வேண்டும். போகப் பத்து, வரப் பத்து, ஆக இருபது. ஓம் விதியை இங்கே நினைவுகொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை இருபது மீட்டருக்குச் சுமார் 0.23 ஓம். 5.5 ஆம்பியர் பாய்ந்தால் 1.26 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 18 வோல்ட்டில் அது நூற்றுக்கு 7. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு நூற்றுக்கு 3க்கும் குறைவு. 12 வோல்ட் வண்டிகளில் கம்பி பருமனாக இருப்பது ஆடம்பரத்திற்காக அன்று.

12 வோல்ட் நம்மைத் தாக்காது என்று எண்ணி அலட்சியமாக இருப்போர் உண்டு. உடலைத் தாக்காவிடினும் அது வண்டியைக் கொளுத்தக்கூடும். நேர்முனைக் கம்பி தேய்ந்து இரும்புச் சட்டத்தில் பட்டால், ஒரு பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆம்பியர் ஒரு நொடியில் பாயலாம். கம்பி சிவந்து தீப்பற்றும். உள்ளே உறங்குவது குடும்பம். எனவே பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே பியூசு பொருத்த வேண்டும். அந்தப் பியூசு, கம்பி தாங்கக்கூடிய மின்னோட்டத்துக்குள் அறுந்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும். பியூசு அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூசைப் போடுவது, காவல்காரன் சத்தமிடுகிறான் என்று அவனை அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும்.

காரும் கைகொடுக்கும்

சூரியன் ஒன்றையே நம்ப வேண்டும் என்பதில்லை. டிரெய்லரை இழுத்துச் செல்லும் காரும் ஓடும்போது மின்சாரம் உண்டாக்குகிறது. அதற்கென உள்ள 20 ஆம்பியர் மின்னேற்றியைப் பொருத்தினால், மூன்று மணி நேரப் பயணத்தில் சுமார் 780 வாட்-மணி பாட்டரிக்கு வந்து சேரும். இது நம் குடும்பத்தின் ஒரு நாள் செலவைவிட மிகுதி! நாள்தோறும் ஊர் விட்டு ஊர் செல்வோர்க்கு 100 வாட் தகடே போதும். ஒரே இடத்தில் நான்கைந்து நாள் தங்குவோர்க்கே பெரிய தகடு வேண்டும். எனவே, "எத்தனை வாட்?" என்று கேட்பதற்கு முன், "எப்படிப் பயணம் செய்வீர்கள்?" என்று கேட்பதே முறை.

மருந்துக்கு மாற்று வழி

கருவிகள் எத்தனை நல்லவையாயினும் என்றேனும் ஒரு நாள் தவறக்கூடும். அந்த நாளுக்கும் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதலாவது, பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் அளவி. லித்தியம் பாட்டரியின் மின்னழுத்தம் பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, முடிவில் சட்டென்று விழும். ஆகவே வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தை அறிய இயலாது. வந்ததையும் போனதையும் எண்ணிச் சொல்லும் அளவியே வேண்டும். இரண்டாவது, குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி. இன்சுலின் சூடேறினாலும் தீங்கு, உறைந்தாலும் தீங்கு. உறைந்ததைப் பயன்படுத்தவே கூடாது.

மூன்றாவது, எதை முதலில் நிறுத்துவது என்னும் பட்டியல். மேகம் மூடினால் குளிர்பெட்டி, எச்சரிக்கை மணி, ஒரு விளக்கு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தலாம். வெப்பமூட்டிக்குப் பதில் கம்பளி கைகொடுக்கும். அப்போது ஒரு நாள் செலவு 396 வாட்-மணி. ஒன்றரை நாள் தாங்கிய அதே பாட்டரி, வெயிலே இல்லாமலும் இரண்டரை நாள் தாங்கும். ஒரு காசு கூடுதலாகச் செலவிடாமல் ஒரு நாளைச் சம்பாதிக்கிறோம்! நான்காவது, பனிக்கட்டியோடு ஒரு குளிர்காப்புப் பெட்டி. மருந்து பனிக்கட்டியை நேரே தொடாதபடி துணியில் சுற்றி அதில் வைக்கலாம். திறந்து பயன்படுத்தும் இன்சுலின்களில் பலவற்றைச் சாதாரண அறைச் சூட்டில் 28 நாள் வரை வைத்திருக்கலாம் என்பதும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எந்த வகைக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பயணத்திற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக

அன்புத் தோழியரே! நாம் கண்ட கணக்கில் பெருக்கல், வகுத்தல், ஓம் விதி, ஒரு சைன் மதிப்பு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாம் நம் பாடநூலில் உள்ளவையே. மின்சார வேலை ஆடவர்க்கே உரியது என்னும் பழைய எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதத் தெரிந்தவர்க்கு வாட்டுக்கும் ஆம்பியருக்கும் கணக்கு எழுதவா தெரியாது? நம் வீட்டில் மின்தடை நேரத்திற்கென வைத்திருக்கும் இன்வெர்ட்டர் எத்தனை மணி தாங்கும் என்பதை இதே முறையில் இன்று மாலையே நாம் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

செலவை முதலில் எழுதுவோம். அதற்கேற்பச் சேமிப்பை அமைப்போம். அவ்விரண்டையும் தாங்கி, ஒரு மேக நாளின் கடனையும் தீர்க்கவல்ல வரவைத் தேடுவோம். இந்த வரிசை மாறாதிருந்தால் வாங்கும் பொருள் வீணாகாது. இரவில் குளிர்பெட்டியும் நிற்காது. கதிரவன் அளவின்றித் தருகிறான். அளந்து வாங்குவது நம் பொறுப்பு.